பட்டைத் தண்ணியில ஊறினவன் சொல்றேன்

ஐப்பசியில அமெரிக்கா போறீங்களாமே பாப்பா? உங்கப்பன் டீக்கடையில சொன்ன சேதி, எனக்கு வர்றதுக்கு முன்னாலேயே வாணியம்பாடி போய்ச் சேந்துடுச்சு. நல்லது, போக வேண்டியதுதான். அக்கா எடிசன்ல சொந்த வீட்டுல இருக்கறா, சோத்துக்கும் படுக்கைக்கும் காசு கெடையாது. ஆனா எதுக்குப் போறாங்கன்னு உங்கப்பனைக் கேட்டேன் பாரு, ‘எலை பாக்க’ன்னான். காது அடைச்சிருக்குதுன்னு நெனைச்சு இன்னொரு தரம் கேட்டேன். ‘எலை பாக்க. அப்பாலே துண்டுத் துணி வாங்க’ன்னான். டீ கிளாஸைக் கீழ வெச்சிட்டேன்.

தப்பா எடுத்துக்காதே கண்ணு. உங்க பெரியம்மா இருந்தவரைக்கும் எலை பாக்காத நாளே கெடையாது. வாசல்ல அந்த வாதாங்கொட்டை மரம் இருந்துச்சே, ஞாபகம் இருக்குதா? தை பொறந்தா பச்சை எலை செம்புக் கலராகும், அப்பாலே ரத்தச் செவப்பாகும், அப்பாலே தொப்பு தொப்புன்னு விழும். அவ தொடப்பத்தால தள்ளிக்கினே, மரத்தை நட்டவனை வாய்க்கு வந்தபடி வெய்வா. நட்டவன் நான்தான். அந்தச் செவப்பைப் பாக்கறதுக்கு டிக்கெட் போடலாம்னு அப்ப யாராவது சொல்லியிருந்தா, இன்னிக்கி பைபாஸ்ல எனக்கும் ஒரு ஷூ கம்பெனி நின்னுக்கினு இருக்கும்.

சரி, போறதுன்னு ஆயிடுச்சு. யோசனை கேக்காம போனீங்கன்னா எனக்கு மனசு ஆறாது. கேளுங்க.

மொதல்ல விசா. மெட்ராஸ்ல ஜெமினி மேம்பாலத்து ஓரத்துல அமெரிக்காக்காரன் ஆபீஸ். கண்ணாடிக்கு அந்தாண்ட உக்காந்துக்கினு ‘எதுக்குப் போறீங்க’ன்னு கேப்பாங்க. மாப்பிள்ளை, நீங்க அரிச்சந்திரன் வம்சம். ‘எலை காய்ஞ்சு கொட்டறதைப் பாக்க’ன்னு எடுத்த எடுப்புல சொல்லிடாதீங்க. லட்ச ரூபா செலவு பண்ணி ஒருத்தன் ஆம்பூர்லேர்ந்து சருகு பாக்க வர்றான்னா, கேக்கறவரு உங்களைப் பாப்பாரு, அப்பாலே உங்க பேங்க் கணக்கைப் பாப்பாரு. ‘சம்சாரத்தோட அக்கா வீட்டுக்கு’ன்னு ஆரம்பிங்க. ரெண்டுமே நெசம்தான், எதை மொதல்ல சொல்றதுன்றதுலதான் சாமர்த்தியம். ஆனா ஒண்ணு, அந்த நாட்டு ஆளுங்களுக்கே இந்தப் பைத்தியம் உண்டுங்கறாங்க. கேக்கறவரு வெர்மான்ட் பக்கத்து ஆளா இருந்துட்டா, விசாவையும் குடுத்து, எந்த ரோட்டுல போகணும்னு வழியும் சொல்லி அனுப்புவாரு.

அடுத்தது நாள் பாக்கறது. ஐப்பசின்னு யார் குறிச்சது? ஜோசியரா? அங்க எலை வடக்கேர்ந்து தெக்கே பழுத்துக்கினு வரும், மலை மேலேர்ந்து கீழ எறங்கும். வெர்மான்ட்டோட வடக்கு முனையில செப்டம்பர் கடைசியிலேயே பழுத்துடும். அக்டோபர் நடுவுல போனா மலை உச்சியில குச்சிதான். நியூயார்க் மாநிலத்துக் கேட்ஸ்கில் மலையில அக்டோபர் மொதப் பாதி. பென்சில்வேனியாவுல லங்காஸ்டர் பக்கம் அக்டோபர் கடைசி, நவம்பர் பொறந்து ஒரு சில நாளும் தாங்கும். அதனால புரட்டாசி முடியறதுக்குள்ள போய் எறங்கிடணும். மாப்பிள்ளை புரட்டாசியில கவிச்சி தொடமாட்டாருன்னு தெரியும். அங்க போய் பத்து நாள் ரொட்டியும் உருளைக்கெழங்கும் தின்னுக்கினு எலையைப் பாக்கட்டும், புண்ணியம் கூடுதலா சேரும். அக்டோபர் ரெண்டாம் திங்கக்கெழமை அங்க லீவு நாளு. அந்த சனி, ஞாயிறுல ஊரே ரோட்டுல நிக்கும், ரூம் வாடகை ஏறும். அந்த மூணு நாளும் அக்கா வீட்டுலேயே உக்காந்து பாத்திரம் தேய்ச்சுக் குடுங்க.

இதெல்லாம் கணக்குத்தான். மரத்துக்கு யாரும் காலண்டர் மாட்டி வெக்கலை. ஒரு ராத்திரி காத்தும் மழையுமா அடிச்சா, நீங்க முன்பணம் கட்டின எலையெல்லாம் விடியறதுக்குள்ள தரையில கெடக்கும். பணம் திரும்பி வராது.

எதனால நெறம் மாறுதுன்னு மாப்பிள்ளைக்குத் தெரியுமா? பேரன் போன்ல படிச்சுக் காட்டினான். பாதி நான் தோல் ஷாப்புலேயே கத்துக்கினது. எலையில பச்சை இருக்குதே, அது வேலைக்காரன். பகல் குறைஞ்சு குளிர் தட்டினதும் மரம் பச்சையை உடைச்சு, அதுல இருக்கற சத்தை உள்ளே இழுத்துக்கும். பச்சை போனா, அடியில மொதல்லேர்ந்தே இருந்த மஞ்சள் தெரியும். செவப்பு அப்படி இல்லை. நல்ல வெயில் பகலும், குளிர் ராத்திரியும் சேந்து வந்தா, எலையில மாட்டிக்கின சர்க்கரையிலேர்ந்து புதுசா உண்டாகும். மேப்பிள் மரத்துல அது ஜாஸ்தி. எல்லாம் போனப்புறம் கடைசியா ஒரு பழுப்பு நிக்கும், ஓக் மரத்துல பாக்கலாம். அந்தப் பழுப்பு யாரு தெரியுமா? டானின். நம்ம ஆளு. அது இல்லேன்னா ஆம்பூரும் இல்லை, பேரணாம்பட்டும் இல்லை, ராணிப்பேட்டையும் இல்லை. உங்க தாத்தா வாங்கின இந்த வீடும் இல்லை.

நான் தோல் ஷாப்புக்குப் போன காலத்துல எங்க ஷாப்புல பட்டைதான். ஆவாரம் பட்டை வண்டி வண்டியா வரும். நறுக்கி ஊறப்போட்டு, அந்தத் தண்ணியில தோலை எறக்கணும். சுண்ணாம்புக் குழியில கெடந்து முடி போன தோலு, பட்டைத் தண்ணியில ஊற ஊற நெறம் ஏறும். கடைசியில கடுக்காய்த் தண்ணி. அது எதுக்குன்னா, ஆவாரம் பட்டையில பதம் பண்ணின தோலு வெயில் பட்டா செவந்துபோகும். கடுக்காய் போட்டா செவக்காது. பாத்துக்கோ, நீ செவப்பு பாக்கறதுக்கு ஏரோப்ளேன் ஏறுறே. நாங்க செவக்காம இருக்கறதுக்குக் கூலி வாங்கினோம்.

அப்பாலே 1972-ல சீதாராமையா கமிட்டின்னு ஒண்ணு வந்துச்சு. அரைகுறையா பதம் பண்ணின தோலை அனுப்பாதே, முழுசா முடிச்ச சரக்கா அனுப்புன்னு சர்க்கார் நெருக்க ஆரம்பிச்சுது. குரோம் உப்புல பதம் பண்றது பெருகுச்சு. பட்டைக்கு வாரக்கணக்கு ஆன வேலை, டிரம்முல போட்டுச் சுத்தினா ஒண்ணு ரெண்டு நாள்ல முடியும். தோலு நீலமா வெளிய வரும், அதுக்கு மேல எந்தச் சாயம் வேணுமோ ஏத்திக்கலாம். அப்பத்தான் எனக்கு இந்த ஐப்பசி நெறமெல்லாம் அறிமுகம். ஷேடு கார்டுன்னு ஒரு அட்டை வரும். காக்னாக், டேன், ரஸ்ட், மஸ்டர்டு, பர்கண்டின்னு சின்னச் சின்னத் துண்டா ஒட்டியிருக்கும். ‘ஆட்டம் விண்டர்’ ஆர்டர்னு பேரு. ஐரோப்பாக்காரன் அக்டோபர்ல மழையில மிதிக்கிற பூட்ஸை, நம்ம பொம்பளைங்க கத்திரி வெயில்ல, நாப்பது டிகிரிக்கு மேல கொளுத்தற நாள்ல, மெஷின் முன்னால உக்காந்து தெச்சுக்கினு இருப்பாங்க. அடையாறுல 1948-லேர்ந்து இருக்கற மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்துல, வரப்போற பருவத்துக்கு எந்த நெறம் ஓடும்னு முன்கூட்டியே கணிச்சுச் சொல்லக்கூட ஆளுங்க இருக்கறாங்க. நீ பாக்கப் போற காட்டுக்கு என்ன நெறம்னு எனக்கு இங்கேர்ந்தே தெரியும் பாப்பா, ஸ்ப்ரே அடிச்சு அடிச்சு நகக்கண்ணுல ஏறின நெறம்தான்.

நெறம் மாறறது மட்டும்தான் வேணும்னா, அதுக்கும் அவ்வளவு தூரம் போக வேணாம். ஒரு காலத்துல பாலாத்தங்கரைக் கெணத்துல வாளி விட்டுத் தூக்கியிருக்கணும் நீ. ஷாப்புக் கழிவுத் தண்ணி கலந்து, பருவம் கிருவம்னு இல்லை, பன்னெண்டு மாசமும் கலரு. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம்னு ஒரு சங்கம் வழக்குப் போட்டு, 1996 ஆகஸ்ட் 28-ல சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொல்லுச்சு: கெடுத்தவன்தான் சரிபண்ற செலவைக் குடுக்கணும்னு. இன்னிக்கி நாடு பூரா சட்டம் படிக்கிற பசங்களுக்கு அது பாடம். நம்ம கெணத்துத் தண்ணியால நாலு வக்கீல் பொழைக்கிறாங்க, நல்லா இருக்கட்டும்.

இப்ப வழி சொல்றேன். எல்லாரும் வெர்மான்ட், வெர்மான்ட்னு அடிச்சுக்குவாங்க. நீ கேட்ஸ்கில் மலைக்குப் போ. எடிசன்லேர்ந்து கார்ல ரெண்டரை, மூணு மணி நேரம். அங்க டேனர்ஸ்வில்லுன்னு ஒரு ஊரு இருக்குது. பேரைக் கேட்டியா? டேனர்னா தோல் பதம் பண்றவன். நம்ம சம்பந்தி ஊரு. ஷூ கம்பெனிக்கு சரக்குப் பாக்க வந்த ஒரு வெள்ளைக்காரரு சொல்லித்தான் எனக்கே தெரியும்.

அந்த மலை பூரா ஒரு காலத்துல ஹெம்லாக்குன்னு ஊசியிலை மரம். விஷச்செடிக்கும் அதே பேருதானாம், இது வேற. வருஷம் பன்னெண்டு மாசமும் பச்சை. அதோட பட்டையில டானின் ஏகத்துக்கு. 1800-கள்ல தோல்காரங்க மோப்பம் பிடிச்சிட்டாங்க. தென்னமெரிக்காவுலேர்ந்து கப்பல்ல பச்சைத்தோலு நியூயார்க் வரும், அங்கேர்ந்து ஹட்சன் ஆத்து வழியா ஏத்தி மலைக்குக் கொண்டுபோவாங்க. தோலைப் பட்டை இருக்கற எடத்துக்குத் தூக்கறது சுலபம், பட்டையைத் தோல் இருக்கற எடத்துக்குத் தூக்கறது கஷ்டம். எங்க மொதலாளியைக் கேட்டாலும் இந்தக் கணக்கைச் சொல்லியிருப்பாரு. அதுல ஸடாக் ப்ராட்டுன்னு ஒரு பெரிய மொதலாளி. ஊருக்கே தன் பேரை வெச்சுக்கினாரு, ப்ராட்ஸ்வில்லுன்னு. எம்.பி. ஆனாரு. அப்பவும் ஆசை அடங்காம, ஊருக்கு வெளிய பாறையில குதிரை, ஹெம்லாக் மரம்னு செதுக்க வெச்சாரு. இப்பவும் ஜனங்க ஏறிப் பாக்கறாங்க. நம்ம பக்கத்துத் தோல்காரங்களுக்குப் பாறை கெடைக்கலை. பள்ளிக்கூடமும் காலேஜும் கட்டினாங்க. வாணியம்பாடி இஸ்லாமியா காலேஜுக்கு 1919-லேர்ந்து வயசு ஓடுது.

கதை எங்க போகுதுன்னு பாரு. பட்டையை உரிச்சிட்டு மரத்தை அப்படியே போட்டுட்டுப் போவாங்களாம், பெரும்பாலும் கட்டையைக்கூட எடுக்கறதில்லை. அந்த நூறு வருஷம் முடியறதுக்குள்ள பெரிய ஹெம்லாக் காடெல்லாம் காலி. பட்டை தீந்தது, ஷாப்பு மூடுச்சு, தோல்காரன் மூட்டை கட்டினான். மொட்டையான எடத்துல அப்பாலே என்ன மொளைச்சது? மேப்பிள், பிர்ச், ஓக். வருஷத்துக்கு ஒரு தரம் பழுத்துக் கொட்டற ஜாதி. நீ வாயைப் பொளந்து போட்டோ எடுக்கப் போறியே, அந்த மஞ்சளுக்கும் செவப்புக்கும் எடம் பண்ணிக் குடுத்தவன் நம்ம தொழில்காரன். அங்க யாராவது ‘எந்த ஊரு’ன்னு கேட்டா, கூச்சப்படாம சொல்லு: ‘ஆம்பூர். இதுல எங்களுக்கும் பாத்தியதை உண்டு’ன்னு. மாப்பிள்ளையை மட்டும் மலையில கண் அசர விடாதே. அந்த மலையிலதான் ரிப் வான் விங்கிள்னு ஒருத்தன் இருபது வருஷம் தூங்கினதா வாஷிங்டன் இர்விங் கதை எழுதினாரு. அவனாவது மலையில தூங்கினான். இவரு கார்ல ஏறி சீட் பெல்ட் மாட்டறதுக்குள்ள.

அடுத்தது துணி. லங்காஸ்டர் பக்கம் ஆமிஷ்னு ஒரு ஜனம். கம்பிக் கரண்டு இழுக்க மாட்டாங்க, கார் வெச்சுக்க மாட்டாங்க, குதிரை வண்டிதான். ரோட்டுல பொறுமையா பின்னாலேயே போங்க, நம்ம ஊரு பழக்கத்துல ஹாரன் அடிச்சிடாதீங்க மாப்பிள்ளை. முகத்துக்கு நேரா போன் நீட்டி போட்டோ எடுத்தா அவங்களுக்குப் பிடிக்காது. ஞாயித்துக்கெழமை கடை கெடையாது. நம்ம பஜார்ல வெள்ளிக்கெழமை தொழுகை நேரத்துக்கு ஷட்டர் எறங்கறதைப் பாத்து வளந்தவ நீ, உனக்குச் சொல்ல வேணாம். பேர்ட் இன் ஹேண்ட்னு ஒரு ஊரு, கையில குருவி. அதுக்குப் பக்கத்துல இன்னொரு ஊரு இருக்குது, துணிக்கடை அங்கதான் நல்லா இருக்குமாம். அந்த ஊரு பேரை மட்டும் நான் வாயால சொல்ல மாட்டேன். மாப்பிள்ளை போன்ல பாத்துக்கட்டும். பாத்துட்டு உங்கப்பன் முன்னால சத்தமா படிக்க வேணாம்.

அவங்க ரஜாய் இருக்குதே, அது வேலைப்பாடுதான், நான் இல்லேன்னு சொல்லலை. மேல துண்டு துண்டா சேத்த துணி, நடுவுல பஞ்சு, அடியில ஒரு துணி. மூணையும் சேத்து கையால நூலோட்டி எடுக்கணும். பொம்பளைங்க சுத்தி உக்காந்து மாசக்கணக்கா தெக்கறாங்க. கட்டில் அளவுக்கு ஒண்ணு ஆயிரம் டாலருக்கு மேல. அதை விலை கேட்டுட்டு, பேரம் பேசாம, மூஞ்சியைச் சாதாரணமா வெச்சுக்கினு வெளிய வர்றதுக்கு இங்கேயே பழகிக்கினு போ. உனக்குக் கட்டுபடி ஆகறது, ஃபேட் குவார்ட்டர்னு கைக்குட்டைக்குக் கொஞ்சம் பெரிய துண்டா வெட்டி, கட்டு கட்டா விக்கறாங்களே, அதுதான்.

எனக்குப் புரியாதது அதுதான் பாப்பா. முழுசா இருக்கற புதுத் துணியை கடைக்காரன் துண்டாக்கறான். அதைக் காசு குடுத்து வாங்கி நீ இன்னும் சின்னத் துண்டாக்கறே. அப்பாலே ராத்திரி பகலா உக்காந்து, அதையெல்லாம் முழுசாக்கறே. எங்கம்மா கிழிஞ்ச பொடவையை நாலு மடிப்பு அடுக்கி, சுத்தி மூட்டி, குறுக்கும் நெடுக்கும் நூல் ஓட்டிப் போட்டதுலதான் நாங்க அஞ்சு பேரு பொறந்து வளந்தோம். பலமனேர் பக்கத்துத் தெலுங்குக்காரங்க அதையே பொந்தன்னு போட்டுப் படுப்பாங்க. பக்கத்துத் தெரு பாய் வீட்டு ஆச்சிங்க லுங்கித் துண்டும் துப்பட்டாவும் கலந்து தெப்பாங்க, பாத்தா கண்ணு கூசும். வங்காளத்துல அதுக்கே காந்தான்னு பேரு வெச்சு கண்ணாடிப் பெட்டியில மாட்டிட்டாங்க. எங்கம்மா போர்வைக்கு அந்த யோகம் இல்லை. கடைசியில அது மாட்டுக்கு மேல போச்சு.

அதனால மூட்டை கட்டறதுக்கு முன்னால ஒரு தரம் குடியாத்தம் போய்ட்டு வா. கைத்தறி லுங்கி நெய்யற ஊரு, கட்டமும் கோடுமா எத்தனை தினுசு! லுங்கி ரெண்டு வாங்கினா உனக்கு ஒரு போர்வைக்கு மேல் துணி ஆச்சு. வாலாஜாபேட்டையில தறி, ஆரணியில பட்டு. நடுவுல அடைக்கறதுக்கு எலவம்பஞ்சு. முன்னெல்லாம் வில்லைத் தோள்ல மாட்டிக்கினு பஞ்சு அடிக்கறவரு தெருவுக்கே வருவாரு; இப்ப மெத்தைக் கடைக்குப் போகணும். இன்னும் ஷோக்கா வேணும்னா, ஷூ கம்பெனி கட்டிங்ல விழற துண்டுத்தோலு கெடைக்கும். அதைச் சேத்துத் தெச்சு ஒரு பை பண்ணி எடுத்துக்கினு போய், அந்தக் கடைக்காரம்மா முன்னால சும்மா மேஜை மேல வெச்சுப் பாரு. ‘எங்க வாங்கினே’ன்னு அவ கேக்கலைன்னா என் பேரை மாத்திக்கறேன். பெட்டி கனம் மட்டும் உஷார். பெட்டிக்கு 23 கிலோதான் பெரும்பாலும். போகும்போது அக்காவுக்கு மாங்காய் ஊறுகா, வரும்போது ரஜாய், ரெண்டும் கனம்தான். ரஜாய்ல எண்ணெய் கசியாது, அந்த மட்டும் லாபம்.

விசா கெடைக்கலைன்னா அழாதே. காஷ்மீர் இருக்குது. சினார் மரம் அக்டோபர் கடைசியிலேர்ந்து நவம்பர் நடு வரைக்கும் செவந்து நிக்கும். ஸ்ரீநகர்ல யுனிவர்சிட்டிக்குள்ளேயே நசீம் பாக்குன்னு சினார்த் தோப்பு. அங்கத்துப் பொம்பளைங்க விழுந்த எலையைக் கூட்டி, எரிச்சுக் கரியாக்கி, குளிர்காலத்துக்குக் காங்கிடிச் சட்டியில போட்டுக்குவாங்க. உங்க பெரியம்மா இதைக் கேட்டிருந்தா ‘அவளுங்க புத்திசாலிங்க’ன்னிருப்பா. திரும்பி வர்ற வழியில ஜெய்ப்பூர்ல எறங்கினா ரஜாய்க் கடை தெருத் தெருவா. கனமே இல்லாம, மடிச்சா கைப்பைக்குள்ள அடங்கும். விசாவும் வேணாம், டாலரும் வேணாம். மாப்பிள்ளையோட ஆபீஸ்ல லீவுதான் வேணும், அது விசாவை விட கஷ்டம்.

ஆனா அசல் யோசனை இன்னும் நான் சொல்லலை. மாசிக்கு வாங்க. போய்ட்டு வந்து ஜெட்லாக் எல்லாம் தெளிஞ்சு, சம்பளம் ரெண்டு மூணு வந்தப்புறம்.

ஐப்பசி நமக்கு மழைக்காலம். எலை கொட்டாது, வானம்தான் கொட்டும். 2021-ல பாலாறு ரெண்டு கரையும் புரண்டு ஓடினப்ப, நெசமாவே இது ஆறுதான்னு ஊரே பாலத்துல நின்னு பாத்துச்சு. நம்ம மரத்துக்குக் குளிர் கணக்கில்லை, தண்ணிதான் கணக்கு. தை, மாசியில மண்ணு காயும், மரம் எலையை உதறும். ஜவ்வாது மலையில அப்பத்தான் பாக்கணும். அங்க பழுக்கற எலையை விட, எலை போனப்புறம் வர்றதுதான் வேடிக்கை. மொட்டைக் கெளையில புரசு பூத்துச்சுன்னா காட்டுக்கு நெருப்பு வெச்சாப்பல இருக்கும். முள்ளிலவு ஒரு பக்கம் செவப்பா. கீழ ஊர்ப்பக்கம் வேம்பு மஞ்சளாகிக் கொட்டிட்டு, பத்து நாள்ல செம்புத் தளிர் விடும். அரசமரம் தளிர் விட்டா என் பழைய ஷேடு கார்டுல இருக்கற ரோஸ் கலந்த காப்பர் கலரேதான். நாங்க அந்தக் கலரை டிரம்முல கொண்டு வர்றதுக்குள்ள எத்தனை சைடு தோலு பாழாச்சு தெரியுமா?

ஏலகிரிக்கும் போகலாம், பதினாலு கொண்டை ஊசி வளைவு. ஆனா அங்க சனி, ஞாயிறுல எலையை விட தலைதான் ஜாஸ்தி. ஜவ்வாதுதான் சரி. வாணியம்பாடி, ஆலங்காயம், காவலூர்னு ரோடு. காவலூர்ல வானத்தைப் பாக்கற தொலைநோக்கி. 93 அங்குலக் கண்ணாடி வெச்ச பெரியதை 1986 ஜனவரி 6-ல ராஜீவ் காந்தி வந்து தொறந்து வெச்சாரு. அதுக்கு முன்னால, 1977-லேயே யுரேனஸ் கிரகத்தைச் சுத்தி வளையம் இருக்குதுன்னு கண்டுபிடிச்சதுல இந்த மலைக்கும் பங்கு உண்டு. சனிக்கெழமைகள்ல ஜனங்களை விடுவாங்க, கெளம்பறதுக்கு முன்னால விசாரிச்சுக்கலாம். அங்கேர்ந்து ஜமுனாமரத்தூர். சாமை, தேன், பலா, புளி. கடுக்காய் மரமும் அங்க உண்டு; எனக்கு அதுங்கிட்ட பழைய பாக்கி இருக்குது, போய்ப் பாத்துட்டு வரணும். ரோட்டை விட்டுக் காட்டுக்குள்ள மட்டும் எறங்கக் கூடாது. மாசி பங்குனிக் காடு காய்ஞ்சு கெடக்கும். 2018 மார்ச்சுல குரங்கணியில மலையேறப் போனவங்க காட்டுத்தீயில மாட்டி கதி என்னாச்சுன்னு தெரியும்ல? பாரஸ்ட் ஆபீஸ் அனுமதி இல்லாம ஒரு அடி வெக்கக் கூடாது.

வழியில ஒண்ணு ரெண்டு எடத்துல நிறுத்தணும், பெருசா ஒண்ணும் இல்லை. மொதல் நாள் அணைக்கட்டு பக்கம் போய் எலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் ரெண்டு கிலோ. 2023-ல புவிசார் குறியீடு வாங்கின கத்திரிக்காய், ஆளு பேர் தெரியாத கடையில வாங்கக் கூடாது. அது வாணியம்பாடி ரோட்டுக்கு நேர் எதிர்த்திசைன்னு மாப்பிள்ளை மேப்பைப் பாத்துச் சொல்வாரு, சொல்லட்டும். அப்பாலே வாணியம்பாடியில மதியச் சாப்பாடு. ஆம்பூர்ல இருந்துக்கினு வாணியம்பாடி பிரியாணி சாப்பிடறதான்னு இங்க யார்கிட்டயும் வாயைத் தொறக்காதீங்க, ஊரை விட்டுத் தள்ளி வெச்சிடுவாங்க. ஆலங்காயத்துல கடுக்காய் மண்டியில இருந்த பழைய சேக்காளி ஒருத்தன். ஒரு மணி நேரம் பேசினா போதும், ரெண்டு மணியாச்சுன்னா நீயே வந்து கூப்பிடு.

கார்ல எடம் இருக்குதான்னு கேக்காதே. நீயும் உங்கம்மாவும் பின்னால, நடுவுல கத்திரிக்காய். உங்கப்பனுக்கு வளைவுல தலை சுத்தும், அவன் வீட்டைப் பாத்துக்கட்டும். எனக்கு முன் சீட்டு. ஏசி வேணாம், கண்ணாடியை எறக்கிடணும், இல்லேன்னா மரம் தெரியாது. ராத்திரி மலையில குளிரும். நீ தெச்சு முடிக்காம ஒரு வருஷமா கட்டில் அடியில போட்டு வெச்சிருக்கறியே அந்த ரஜாய், அதை மாசிக்குள்ள முடிச்சிடு, என் அளவு உனக்குத் தெரியும். ஜமுனாமரத்தூர்ல தங்கறதுக்கு ஆளுகிட்ட போன் பண்ணிச் சொல்லிட்டேன். ரெண்டு நாட்டுக்கோழியைத் தனியா அடைச்சு வெச்சிருக்கறானாம். இன்னியிலேர்ந்து மாசி வரைக்கும் அதுங்களுக்குத் தீனிக் காசு மாப்பிள்ளை பேர்ல எழுதிக்கச் சொல்லியிருக்கறேன்.